ராமானுஜனும் லேட்டாதான் பேசினார்... அதைச் சொல்லிக் காத்திருக்கலாமா?

நாகர்கோவிலோ, தக்கலையோ, மார்த்தாண்டமோ... வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று ஒரு தாய் கவலைப்பட ஆரம்பித்தால், ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. அவன் அப்பனும் லேட்டாதான் பேசினான் என்று பாட்டி சொல்வார். ஆம்பளைப் பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் மெதுவாத்தான் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். கொஞ்சம் படித்தவர்கள் கூடிய இடம் என்றால் ஒரு பெரிய பெயரும் வந்துவிடும். கணித மேதை ராமானுஜனே மூன்று வயது வரை பேசவில்லையாம்!

அந்தத் தகவல் உண்மைதான். சீனிவாச ராமானுஜன் மூன்று வயது வரை பெரும்பாலும் பேசவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

இன்னொரு பக்கம், அவருக்கு ஆட்டிசம் இருந்தது என்று அடித்துச் சொல்லும் பதிவுகளும் வீடியோக்களும் இணையத்தில் சுற்றுகின்றன. ஒரு தரப்பு அவர் பெயரைச் சொல்லிக் காத்திருக்கச் சொல்கிறது. இன்னொரு தரப்பு அவர் பெயரைச் சொல்லி, ஆட்டிசம் என்றாலே ஒளிந்திருக்கும் மேதைமை என்று நம்ப வைக்கிறது. இரண்டுமே ஒரு சின்னக் குழந்தையின் விலைமதிப்பற்ற மாதங்களைத் தின்றுவிடக் கூடியவை.

ராமானுஜனின் வாழ்க்கையில் உண்மையில் என்னதான் நடந்தது? இன்றைய பெற்றோர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது?

கும்பகோணத்தில் ஒரு பேசாத பிள்ளை

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு. அப்பா சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். கையைக் கடிக்கும் சம்பளத்தில் ஓடும் குடும்பம்.

ராமானுஜனுக்கு ஒன்றரை வயதாகும்போது சதகோபன் என்ற தம்பி பிறந்து, மூன்று மாதத்துக்குள் இறந்துபோனான். 1889 டிசம்பரில் ராமானுஜனுக்குப் பெரியம்மை கண்டது. தஞ்சை வட்டாரத்தில் அந்த நோய் பல உயிர்களைக் கொண்டுபோன காலம் அது. முகத்தில் தழும்புகளோடு அவர் பிழைத்தார். அதன் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஆக, அம்மாவின் கவனம் முழுக்க இந்த ஒரே பிள்ளை மேல்தான் இருந்தது.

அந்தப் பிள்ளை கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருந்தான். சின்ன வயதில் கோயிலைத் தவிர வேறெங்கும் சாப்பிட மாட்டான். வீட்டில் இருக்கும் பித்தளை, செம்புப் பாத்திரங்களை எல்லாம் எடுத்து, ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவர் வரை வரிசையாக அடுக்குவான். கேட்டது கிடைக்கவில்லை என்றால் மண்ணில் விழுந்து புரள்வான். இவற்றோடு, பேச்சும் வரவில்லை. பிள்ளை ஊமையாகிவிடுவானோ என்று வீட்டில் பயம் வந்துவிட்டது.

இன்றைக்கு ஒரு குழந்தை மருத்துவரிடம் இந்த நான்கு விஷயங்களையும் ஒரு தாய் சொன்னால், அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார். உணவில் பிடிவாதம், பொருள்களை வரிசையாக அடுக்குவது, கட்டுக்கடங்காத அடம், தாமதமான பேச்சு. எதுவும் தனியாக ஒரு நோயின் பெயர் அல்ல. ஆனால் நான்கும் சேர்ந்து வந்தால், உட்கார்ந்து பார்க்க வேண்டிய குழந்தை இது என்று அர்த்தம்.

அரிசியில் எழுதிய எழுத்து

ராமானுஜன் லேட்டாதான் பேசினார் என்று சொல்பவர்கள் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சக் கதைதான் முக்கியம்.

அந்தக் குடும்பம் சும்மா காத்திருக்கவில்லை. கோமளத்தம்மாள் மகனை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போனார். அங்கே குடும்ப நண்பர் ஒருவர் யோசனை சொல்ல, பிள்ளைக்கு அட்சராப்பியாசம் செய்து வைத்தார்கள். பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்துகளை எழுத வைத்து, கூடவே அதன் ஒலியைச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அது. குமரி மாவட்டத்தில் விஜயதசமி அன்று வித்யாரம்பம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை.

கொஞ்ச நாளிலேயே அந்தப் பயம் நீங்கியது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு எல்லாம் பிள்ளைக்கு வசமாயின. 1892 அக்டோபரில் திண்ணைப் பள்ளியில் சேர்த்தார்கள்.

அரிசியில் எழுதியதால்தான் பேச்சு வந்தது என்று சொல்ல முடியாது. அது சிகிச்சையும் அல்ல. தாமதமாகப் பேசும் குழந்தைகளில் கணிசமானோருக்குப் பேச்சு தானாகவே வந்துவிடுவதும் உண்டு. ஆனால் கவனிக்க வேண்டியது, 1890-களிலேயே, டாக்டரும் தெரபிஸ்ட்டும் இல்லாத நிலையில், அந்தக் குடும்பம் தயங்காமல் நான்கு பேரிடம் கேட்டது. பெரியவர் ஒருவர் குழந்தையோடு உட்கார்ந்து, விரலைப் பிடித்து, சத்தத்தையும் எழுத்தையும் சேர்த்துக் காட்டினார். ராமானுஜனை உதாரணம் காட்டி இன்று காத்திருப்பவர்கள், ராமானுஜனின் அம்மா செய்ததைச் செய்யவில்லை.

ஆட்டிசம்: அவர் காலத்தில் அந்தப் பெயரே இல்லை

ராமானுஜன் இறந்தது 1920-ல். ஆட்டிசம் என்ற சொல்லை 1911-ல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் ப்ளூலர் பயன்படுத்தினார் என்றாலும், அவர் அதைச் சொன்னது மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி. குழந்தைகளிடம் காணப்படும் ஒரு தனி நிலையாக இதை முதலில் விவரித்தவர்களில் ஒருவர் சோவியத் மருத்துவர் குருனியா சுகரேவா. அது 1925-ல். அமெரிக்காவில் லியோ கேனர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் உலகம் முழுக்க இந்தப் பெயரைக் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இன்னொரு வகைக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். பேச்சு நன்றாக இருக்கும், ஆனால் பிறரோடு பழகுவது கடினமாக இருக்கும் குழந்தைகள் அவர்கள்.

2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் இவற்றை எல்லாம் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மருத்துவர்கள் முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள்.

முதலாவது, பிறரோடு உறவாடுவதில் உள்ள சிரமம். பேச்சு மட்டுமல்ல, கண் பார்ப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவது, தான் ரசித்ததை அம்மாவுக்கும் காட்டிச் சிரிப்பது எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாறாத வழக்கங்கள், ஒரே விஷயத்தில் மிகத் தீவிரமான ஈடுபாடு, சத்தம், வெளிச்சம், உணவு, துணி போன்றவற்றில் அளவுக்கு மீறிய அல்லது குறைந்த உணர்வு.

இரண்டும் இருக்க வேண்டும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். அப்போதுதான் ஆட்டிசம் என்று சொல்வார்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. குழந்தையை நேரில் கவனித்து, பெற்றோரிடம் விரிவாகக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடுகள் என்ற பெரிய குடும்பத்தில் ஆட்டிசம் ஓர் உறுப்பினர் மட்டுமே. கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள், அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு, மொழி வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் அதே குடும்பம்தான். ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் வரலாம். உலக அளவில் ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆக, இது எங்கோ யாருக்கோ வரும் அபூர்வ விஷயம் இல்லை.

முதல் மார்க்கும் முழு ஃபெயிலும்

பேச்சு வந்த பிறகும் ராமானுஜனுக்குப் பள்ளி எளிதாக இருக்கவில்லை. காஞ்சிபுரம், கும்பகோணம், சென்னை என்று மாறி மாறி அலைந்த அந்த வருடங்களில் பள்ளிகளும் மாறின. சென்னைப் பள்ளி அவருக்குப் பிடிக்கவே இல்லை. பிள்ளையைப் பயமுறுத்திப் பள்ளிக்கு அனுப்ப, குடும்பத்தார் ஒரு போலீஸ்காரரின் உதவியைக் கேட்கும் அளவுக்குப் போனது.

கும்பகோணம் திரும்பியதும் நிலைமை மாறியது. 1897-ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம். அடுத்த ஆண்டு டவுன் ஹைஸ்கூல். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் இருந்த கணக்கை எல்லாம் பதினொரு வயதிலேயே கறந்துவிட்டார். பள்ளியின் சுமார் 1,200 மாணவர்களை முப்பத்தைந்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பிரித்துத் தரும் கால அட்டவணை வேலையை, மூத்த கணித ஆசிரியர் இந்தச் சிறுவனிடம் ஒப்படைத்தார்.

1903-ல் கார் என்பவர் எழுதிய கணிதச் சுருக்க நூல் ஒன்று கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வெறும் வரிகளாக. அதன் பிறகு வேறெதிலும் அவர் மனம் போகவில்லை.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தோல்வி. உதவித்தொகை போனது. 1905 ஆகஸ்டில் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. 1906 இறுதியிலும் 1907-லும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி.

மாவட்டத்திலேயே முதல் மார்க் வாங்கிய பையன், பத்தே வருடத்தில் பட்டமும் வேலையும் இல்லாத இளைஞன். எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆனால்தான் கணக்குப் படிக்கலாம் என்ற ஒற்றை அளவுகோல் அவரை வெளியே தள்ளியது. 1909 ஜூலையில் சிறுமி ஜானகியோடு திருமணமும் நடந்துவிட்டது. டியூஷன் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினார்.

எழுத்தறிவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே முதலிடம் குமரி மாவட்டத்துக்கு. படிப்புக்கு இத்தனை மதிப்பு கொடுக்கும் ஊரில், ஒரு பாடத்தில் சூரப்புலியாகவும் இன்னொன்றில் பூஜ்யமாகவும் இருக்கும் பிள்ளைக்குச் சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்ற பட்டங்கள் சீக்கிரம் கிடைத்துவிடுகின்றன. அந்தப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடோ கவனக்குறைவோ இருக்கிறதா என்ற கேள்வி மிகத் தாமதமாகவே வருகிறது.

நோட்டைத் திறந்து பார்த்தவர்கள்

ராமானுஜன் மேலே வந்தது அதிசயத்தால் அல்ல. சில மனிதர்கள் அவருடைய நோட்டைத் திறந்து பார்த்ததால்.

1910-ல் அவர் திருக்கோயிலூருக்குப் போய் வி. ராமசாமி ஐயரைச் சந்தித்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். வேலை கேட்டு வந்தவரின் நோட்டுகளைப் புரட்டிய ஐயர், இந்தப் பையனை ஒரு சாதாரண குமாஸ்தா வேலையில் முடக்க மனமில்லாமல் சென்னைக்கு அறிமுகக் கடிதங்களோடு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911-ல் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் இரவில் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துணை நின்றார்.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி.எச்.ஹார்டிக்கு எழுதிய கடிதம் மிச்சத்தைச் செய்தது. பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதியைக் கொஞ்சம் வளைத்ததால்தான் அது முடிந்தது. 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார்.

குளிரும் தனிமையும்

கேம்பிரிட்ஜில் ராமானுஜனின் கணிதம் பூத்தது. உடம்பு வாடியது. ஷூ காலைக் கடித்தது. சைவ உணவுக்காகத் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். முதல் உலகப் போர் வந்ததும் காய்கறிக்கே தட்டுப்பாடு. குளிரில் நடுங்கி ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்குவதாக ஒருநாள் சொன்னார். நண்பர் பி.சி.மகலனோபிஸ் அறைக்குப் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்து ஓரம் மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

ஒருமுறை நண்பரையும் இரண்டு பெண்களையும் விருந்துக்கு அழைத்துத் தானே சமைத்துப் பரிமாறினார். ரசம் இரண்டு முறை வாங்கியவர்கள் மூன்றாவது முறை போதும் என்று சொன்னதும் மனசு உடைந்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறி ஊரை விட்டே போய்விட்டார். சில நாள் கழித்துத்தான் திரும்பினார்.

1917-ல் நோய் முற்றியது. மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. 1918-ல் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார், காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகவும் தேர்வானார். உலகம் மரியாதை செய்த அதே நேரத்தில் உள்ளே ஒரு மனிதர் உடைந்துகொண்டிருந்தார்.

1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி வாரங்கள் வரை கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

சரி, அவருக்கு ஆட்டிசம் இருந்ததா?

அயர்லாந்து மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு உட்பட சிலர், ஆஸ்பெர்கர் வகையைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்று தாங்கள் கருதும் மேதைகளின் பட்டியலில் ராமானுஜனையும் சேர்த்திருக்கிறார்கள். தாமதமான பேச்சு, பாத்திர வரிசை, உணவுப் பிடிவாதம், கணிதத்தைத் தவிர எதிலும் நாட்டமின்மை, விளையாட்டில் சேராதது என்று கூட்டிப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான்.

மறுபக்கமும் இருக்கிறது. ராமானுஜனுக்கு வாழ்நாள் முழுக்க நண்பர்கள் இருந்தார்கள். கிண்டலும் கதையுமாகப் பேசுவார். அம்மாவோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஆசையோடு சமைத்துப் போடுவார். ஆனால் நண்பர்கள் இருந்தார்கள் என்பதாலேயே ஆட்டிசம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களும் நட்பை விரும்புகிறார்கள், சிரிக்கிறார்கள், பாசம் காட்டுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், இந்தத் தகவல்கள் நமக்குக் கிடைத்த விதம். ராமானுஜனின் சிறுவயதுக் கதைகளில் பல, அவர் பேரும் புகழும் பெற்ற பிறகு, ஏன், இறந்து பல வருடங்கள் கழித்து, உறவினர்களும் நண்பர்களும் நினைவிலிருந்து சொன்னவை. மேதையின் குழந்தைப் பருவத்தை நினைக்கும்போது விசித்திரமானவைதான் முதலில் ஞாபகம் வரும். எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடி ஆடிய நாள்களை யாரும் குறித்து வைப்பதில்லை. தம்பியின் சாவு, பெரியம்மை, அடிக்கடி ஊர் மாற்றம் எல்லாம் ஒரு குழந்தையை எப்படிப் பாதித்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

நேரில் பார்க்காத ஒருவருக்கு, நூறு வருடம் கழித்து, கதைகளை வைத்து நோயறிதல் செய்ய முடியாது. எனவே நேர்மையான பதில் ஒன்றே: இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அது தெரிந்தாலும் இன்றைய பெற்றோருக்குப் பெரிய உபயோகம் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் அசாதாரணத் திறமை கொண்டவர்கள் சிறு பகுதியினர்தான். பெரும்பாலோர் மேதைகளும் அல்ல, முடியாதவர்களும் அல்ல. பல் தேய்க்க, பஸ்ஸில் ஏற, பசிக்குது என்று சொல்ல உதவி தேவைப்படும் சாதாரணப் பிள்ளைகள். ராமானுஜனாக வர வேண்டிய கடமை அவர்களுக்குக் கிடையாது.

காத்திருப்பதில் என்ன தப்பு?

தாமதமாகப் பேசிய ராமானுஜனை நமக்குத் தெரியும். அதே 1890-களில் அதே காவிரிக் கரையில் பேச்சு வராமலே போன பிள்ளைகளை யாருக்கும் தெரியாது. அவர்களுடைய கதையை யாரும் எழுதவில்லை. தேறியவர்களின் கதை மட்டுமே காதுக்கு வருவதால்தான், எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

தானாகப் பேசிவிடும் குழந்தை எது, உதவி தேவைப்படும் குழந்தை எது என்று வீட்டில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில வருடங்களில்தான். பயிற்சி சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடுதல் என்பதால்தான் மருத்துவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நஷ்டம் ஒருநாள் அலைச்சல். பரிசோதிக்காமல் விட்டு, பிறகு ஏதோ இருந்தது என்று தெரிந்தால் போனது திரும்பி வராத வருடங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஒரு வயதில் மழலைச் சத்தமோ, டாட்டா காட்டுவது போன்ற சைகைகளோ இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை.

பதினெட்டு மாதத்தில் எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை.

இரண்டு வயதில், அம்மா வா, பால் வேணும் என்பது போல இரண்டு சொல் சேர்த்துச் சொந்தமாகப் பேசவில்லை. டிவி விளம்பரத்தை அப்படியே ஒப்பிப்பது இதில் சேராது.

எந்த வயதிலும், ஏற்கெனவே வந்த பேச்சோ சிரிப்போ பழக்கமோ காணாமல் போகிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பார்கள். காது சரியாகக் கேட்காததும் பேச்சு வராததற்கு முக்கியமான காரணம். அதன் பிறகு வளர்ச்சிப் பரிசோதனை. தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி. முழு முடிவு தெரியும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

பிறந்ததிலிருந்து 18 வயது வரையிலான பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அதில் வளர்ச்சித் தாமதம் கண்டறியப்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குமரி மாவட்டப் பெற்றோர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் விசாரிக்கலாம். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமான நிப்மெட் இருக்கிறது.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. உரிய சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கேட்கலாம். ஆங்கிலத்திலும் உடலியலிலும் முட்டி மோதிய அந்தக் கும்பகோணத்து இளைஞனின் காலத்தில் இப்படி ஒரு வாசல் இருக்கவில்லை.

அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

கடைசியாக ஒன்று. பிள்ளை பேசவில்லை என்றால் நம் வீடுகளில் முதல் விரல் அம்மா பக்கம்தான் நீளும். கர்ப்பமாக இருக்கும்போது அதைச் செய்தாள், வேலைக்குப் போனாள், போனைக் கொடுத்தாள் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. கணவர் வளைகுடாவில், குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பேச்சு இன்னும் கனமாக விழும்.

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இந்தத் தவறைச் செய்தது. அம்மாவின் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950-களில் நம்பினார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர் அதை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா அவர். ஆட்டிசத்துக்கு மரபணுக்களின் பங்கு பெரியது, வளர்ப்பு முறை காரணம் அல்ல என்பதை அதன் பிறகு வந்த ஆராய்ச்சிகள் உறுதி செய்தன. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998-ல் கிளப்பிய கட்டுரையும் 2010-ல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

அதிக நேரம் போன் பார்ப்பது, குழந்தையோடு பேசும் நேரத்தைக் குறைத்துவிடும். அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் போனைப் பிடுங்கிவிட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று மறுபடியும் காத்திருப்பது அதே பழைய தவறுதான்.

அடுத்த முறை குடும்ப விசேஷத்தில் யாராவது ராமானுஜன் கதையைச் சொல்லி ஆறுதல் சொன்னால், மறுக்க வேண்டியதில்லை. ஆமாம், லேட்டாதான் பேசினார், அதற்கு அவர் அம்மா அவரைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் வரைக்கும் போனார் என்று மிச்சக் கதையையும் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் போதும்.